தாங்கியை மறைக்கும் புளி

எங்கள் கரையில் ஒரு புளியமரம் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஊர்த் தண்ணீர்த் தாங்கி. கடலில் போகும்போது தாங்கி மரத்துக்குப் பின்னால் மறைந்தே இருக்கும்படி வள்ளத்தை நேரே ஓட்ட வேண்டும். வடக்கே மலைமுனை விலகி வெளிச்சவீடு தெரியும் இடத்தில் நங்கூரம் போட வேண்டும். கீழே பாறைத்திட்டு. நாங்கள் பார் என்போம். விளைமீன் நிற்கும் பார்.

அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. வேறு வள்ளம் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, சும்மா போகிறவன் போலப் போய்விடுவேன்.

போன வருடம் எங்கள் மீனவர் சங்கம் வலையும் மீனும் வைக்கப் புது வாடி கட்ட வெளிக்கிட்டது. புளியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கட்டுவதாம்.

"கூட்டத்துக்குப் போய்க் கதையுங்கோ," என்றாள் மனைவி.

"என்னெண்டு கதைக்கிறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"சொன்னா நாளைக்கு என்ர பாரில பத்து வள்ளம் நிக்கும்."

போனேன். வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழும்பி, மரம் நல்ல நிழல் என்றார். அவர் நிழலில் இருந்து நான் கண்டதில்லை. என் மச்சான் புளியம்பழம் குழம்புக்கு நல்லது என்றான். அவன் வீட்டில் கடைப்புளிதான்.

தலைவருக்குச் சிரிப்பு. "நிழலுக்கும் குழம்புக்குமோ இவ்வளவு அழுகை? வெட்டுவம்."

இனி ஏலாது. எழும்பினேன்.

"அது என்ர குறி. மரம் போனா எனக்குப் பார் இல்லை."

மச்சான் மெல்லக் கேட்டான்.

"தாங்கிக்கு நேரேயோ?"

"ஓம்."

"வெளிச்சவீடு தெரியிற இடமோ?"

"ஓம்."

"டேய், அது என்ர பார்!"

"உங்கட பாரோ?" பக்கத்து வீட்டுக்காரர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "உங்களைக் கண்டு எத்தினை நாள் நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஓடினனான்!"

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பயந்து ஓடியிருக்கிறோம். கூட்டம் சிரித்து ஓய நேரம் எடுத்தது.

"போனில இடத்தைக் குறிச்சு வையுங்கோவன்," என்றார் தலைவர்.

"என்ர போன் கடலுக்குள்ள கிடக்கு," என்றான் மச்சான். "எடுத்துத் தாங்கோ, குறிக்கிறன்."

வாடியைத் தெற்கே தள்ளிக் கட்டினார்கள்.

அடுத்த நாள் விடிய, பாரில் மூன்று வள்ளம். ஒருவரும் ஓடவில்லை. மச்சான் பக்கத்து வீட்டுக்காரரைக் கத்திக் கேட்டான்: "அண்ணை, நிழல் எப்பிடி?"

மீன் எனக்குக் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை. இப்போது அந்தப் புளியில் ஒருவர் ஆட்டுக்குக் குழை ஒடித்தாலும் மூன்று வீட்டில் இருந்து சத்தம் வரும்.