வெள்ளிக்கிழமைப் படங்கள்

என் கணவர் சவுதிக்குப் போன நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவர் ஒரு போட்டோ அனுப்புவார். அன்றைக்கே நானும் ஒன்று அனுப்புவேன். பெரிதாக எதுவும் இராது. அவர் பக்கம் பேரீச்சை மரம், காயப்போட்ட சட்டை. என் பக்கம் தேவனாம்பட்டினம் கடல், ஆப்பச்சட்டி, மொட்டைமாடிக் காக்கை.

போன வருஷம் சிதம்பரத்தில் சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். கடலூர் முதுநகரிலிருந்து பாசஞ்சர் ரயில். சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை போகும்வரை முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அப்புறம் ஜன்னல் முழுக்க வயலும் உப்பங்கழியும். பாதித் தூக்கத்திலேயே போய்ச் சேர்வேன்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் எழுதப் பழகிய வாரம், என்னைவிட இளையவரான ஆசிரியை, சொந்தமாக ஏதாவது செய்து பாருங்கள் என்றார். எனக்கு எங்கள் படங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவருடையது ஒரு வரிசை, என்னுடையது ஒரு வரிசை. ஒரே வாரத்துப் படங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். திரையில் படம் காட்டும் பகுதியை ஆசிரியை எழுதிக் கொடுத்தார்; ஜோடி சேர்க்கும் லூப் என் வேலை.

ஓடவிட்டேன். அவருடைய பேரீச்சை மரத்துக்குப் பக்கத்தில் என் கடல் வந்தது. அடுத்து அதே மரம், ஆப்பச்சட்டி. அதே மரம், காக்கை. மரம் முடிந்ததும் அவர் சட்டை மறுபடி என் கடலிலிருந்து தொடங்கியது. அவர் சட்டை எங்கள் மொட்டைமாடியில் காய்வதுபோல் இருந்தது. எல்லா நாளும் எல்லா நாளோடும் கலந்து போய்க்கொண்டே இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

"அக்கா, லூப்புக்குள்ள லூப் போட்டுட்டீங்க. இது முடியறதுக்குள்ள உங்க ரயிலு போயிடும்" என்று சிரித்தார் ஆசிரியை. ஜிப் என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டினார். பையின் ஜிப்பைப் போலவே அது முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் கோர்த்துக்கொண்டு போகும்.

இப்போது படங்கள் ஒழுங்காக வந்தன. பாதிவரைதான். அடைமழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற படத்துக்கு, அவர் மணல் நிறைந்த ஷூவை அனுப்பி, "உனக்குத் தண்ணி, எனக்கு மண்ணு" என்று எழுதியிருந்தார். அந்த ஷூ முந்தின வாரத்துப் படத்தோடு வந்து நின்றது. அதன்பின் எல்லாமே ஒரு வாரம் தள்ளி. நான் கடைசியாக அனுப்பிய படம் வரவே இல்லை. பிழை என்றுகூட இயந்திரம் சொல்லவில்லை.

"உங்க சாரோட படம் ஒண்ணு கொறையுதுக்கா. அந்த எடத்துல காலியா ஒண்ணு வெச்சிடுங்க, சரியாயிடும்" என்றார் ஆசிரியை.

அன்று சாயங்காலம் கணவரிடம் வீடியோ காலில் கேட்டேன். "மழைக்கு முந்துன வாரம் உங்க போட்டோ இல்லியே மச்சான்?"

கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கிதான் நாங்க தங்குற கேம்ப்ப மாத்துனாங்க. போன்ல சார்ஜ் இல்ல."

"அப்ப அந்த எடத்த காலியா உட்டுடவா?"

"ஏன் காலியா உடுற? நான் சொல்றேன், எழுதிக்க. விடியக்காலம் பஸ்ல போறோம். ஒரே பனி, ரோடே தெரியல. டிரைவர் ஓரங்கட்டிட்டாரு. எறங்கி நிக்கிறோம், பனிக்குள்ளேர்ந்து ஒட்டகங்க ஒண்ணு ஒண்ணா வருது. சத்தமே இல்ல. ஒண்ணு என் மூஞ்சிகிட்ட வந்து மூச்சு உட்டுச்சு. சூடா இருந்துச்சு."

"இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"போட்டோ இல்லாம சொன்னா நம்புவியா நீ?"

நம்பினேன். அவர் சொன்னதை அப்படியே தமிழில் தட்டி, காலி இடத்தில் வைத்தேன். அந்த வாரம் நான் அனுப்பியிருந்தது, பக்கத்து வீட்டு பைக் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த ஆடு.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஓடவிட்டபோது எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்திருந்தன. தண்ணீருக்குப் பக்கத்தில் ஷூ. கடைசிப் படமும் வந்தது. ஒட்டகம் வந்த வரிகளை ஆசிரியை இரண்டு முறை படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் ஓடவிட்டு, வீடியோ காலில் கணவருக்குக் காட்டினேன். அங்கே அவர் கட்டிலில் சாய்ந்து கடைசிவரை பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார். பிறகு, "அந்த ஆட்டுப் படம் வர்றப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்தி ஓட்டேன்" என்றார்.