கழற்றிய சாரி கார்டு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. நாற்பத்தைந்து வயதில் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வாங்கியபோது, அதுவாவது எனக்காகப் பேசட்டும் என்று சத்தம் போடும் சைலன்சர் மாட்டினேன். அகலமான பின் டயரும் போட்டேன். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும், கால் வைக்கப் படியும் உள்ள சாரி கார்டு மட்டும் அசிங்கமாகத் தெரிந்தது. அதைக் கழற்றச் சொன்னேன்.

"நானு காலை எங்கீங்க வெக்கறது?" என்றாள் மனைவி. நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினேன்.

மறுநாள் காலை பெருமாநல்லூர் சாலையில் மெதுவாகத்தான் போனோம். திடீரென்று ஒரு அம்மாள் கைகளை விரித்து வண்டியை மறித்தார். திரும்பிப் பார்த்தேன். முந்தானை சக்கரத்தில் சுற்றி மனைவியின் கழுத்தை இறுக்கியிருந்தது. அவள் கத்தியது சைலன்சர் சத்தத்தில் எனக்குக் கேட்கவே இல்லை. அந்த அம்மாள் பிசிறு நூல் வெட்டும் ட்ரிம்மரைப் பையிலிருந்து எடுத்து, சேலையை அறுத்துவிட்டார்.

"ஏனுங்க, கார்டு எங்கீங்க?"

"அழகுக்குக் கழட்டிட்டேனுங்க."

"அப்ப ஊட்டுக்காரியையும் எறக்கி உட்டுருங்க. வண்டி இன்னும் அழகா இருக்கும்."

மனைவி இருமிக்கொண்டே சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றே கார்டையும் பழைய சைலன்சரையும் மாட்டிவிட்டேன். இப்போது வழியெல்லாம் அவள் பின்னால் பேசிக்கொண்டே வருகிறாள். எல்லாம் கேட்கிறது.

12.10.2008, ஞாயிறு