பெர்லின் பண்டாவும் பெருஞ்சீரகத் தண்டும்

முதலில் மன்னிப்பு. நம் தேவாலயப் பங்குப் பத்திரிகையைத் தட்டச்சு செய்கிற மெஷின் இந்த வாரம் பழுது. அதனால் என் கையெழுத்தையே அப்படியே போட்டோகொப்பி எடுக்கப்போகிறார்களாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இதுவரை யாரோ எழுத்துப் பிழை திருத்தித் தந்ததைத்தான் வாசித்து வந்தீர்கள். இந்த முறை கோழி கிளறிய மாதிரி இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பண்டாவின் மேல் பொறாமை.

சிரிக்க வேண்டாம். முழுவதையும் கேளுங்கள்.

நான் வேலை செய்வது இந்தப் பலேர்மோவில், சிஞ்ஞோரா கொன்செத்தா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில். எண்பதைத் தாண்டியவர். ஐந்து வருடமாகச் சமைப்பது, மருந்து கொடுப்பது, கைபிடித்து நடத்துவது எல்லாம் நான்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருடைய அக்கா தினமும் வருவார். இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே தட்டைக் காலி செய்வார்கள். போன வருடக் கடைசியில் அக்கா இறந்துபோனார். அதோடு சிஞ்ஞோராவின் சாப்பாடும் நின்றது.

நான் எதைத்தான் சமைக்கவில்லை? பல்லரோ சந்தையில் பார்த்துப் பார்த்து மீன் வாங்கினேன். கத்தரிக்காயை அவர்கள் முறையிலும் வதக்கினேன், நம் முறையிலும் வதக்கினேன். பக்கத்தில் நின்று கெஞ்சினேன். இரண்டு வாய்... அவ்வளவுதான்.

சிஞ்ஞோராவின் மகள் ரொசாலியா ஒருநாள் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மா இப்படியே மெலிஞ்சுகொண்டு போனால், நான் அவவைக் கன்னியாஸ்திரிகளின்ரை வயோதிபர் இல்லத்திலை விடத்தான் வேணும். வேறை வழி இல்லை."

சிஞ்ஞோரா இல்லத்துக்குப் போனால் நான் எங்கே போவது? வேலை போவது கிடக்கட்டும். கோபித்தாலும் என் பெயரைச் சொல்லிக் கோபிக்கிற மனுசி அவர். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் சிஞ்ஞோராவின் பேரன் ஜேர்மனியிலிருந்து வந்தான். கையில் ஒரு வீடியோக் கொப்பி. பெர்லின் மிருகக்காட்சிச்சாலையில் அவனே எடுத்ததாம். டெக்கில் போட்டான். பார்த்தால்... ஒரு பண்டா. மனிதரைப் போலக் குந்தி, கல்லில் முதுகைச் சாய்த்து, வயிற்றின் மேல் மூங்கிலைக் குவித்து வைத்துக்கொண்டு, கறுக் கறுக் என்று கடிக்கிறது. தலையைக்கூடத் தூக்கவில்லை. வேறொன்றுமே நடக்காத படம் அது.

சிஞ்ஞோரா அதைப் பார்த்தபடி தட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

அன்றைக்கே அதற்கு நீனோ என்று பெயரும் வைத்தார். என் பெயரைச் சரியாகச் சொல்ல அவருக்கு ஒரு வருடம் ஆனது. இதற்கு அரை மணித்தியாலம்!

அதன் பிறகு வீட்டில் ஒரே நீனோ புராணம்தான். "நீனோ வந்தபிறகு அம்மான்ரை முகத்திலை ரத்தம் ஊறியிருக்கு" என்று ரொசாலியா டெலிபோனில் ஊரெல்லாம் சொன்னார். சமைத்தது யார்? மீன் முள்ளை எடுத்தது யார்? யாரும் கேட்கவில்லை. நீனோவுக்குத் தனி வீடாம், தனி டொக்டராம். அதன் மூங்கில் வேறு நாட்டிலிருந்து லொறியில் வருகிறதாம். எனக்கு யாராவது ஊரிலிருந்து ஒரு பார்சல் கருவாடு கொண்டுவந்தால் எயார்போட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு பறித்துவிடுகிறார்கள். எரியுமா, எரியாதா?

வீட்டுக்குப் போய் மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"என்னப்பா, போயும் போயும் ஒரு கரடியோடையோ மல்லுக்கட்டுறியள்?"

"அது கரடி இல்லை, பண்டா."

"என்னவோ. அது சத்தம் போடாமல் குந்தியிருந்து தின்னுது. நீங்கள் அதையும் செய்யமாட்டியள்."

அவள் சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னாள். நானும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் பெரிய காற்று அடித்ததே, நினைவிருக்கிறதா? சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நீனோ மறைந்தது. சிஞ்ஞோரா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்... இப்போது என் முறை அல்லவா?

"இன்னும் ஒரு வாய், சிஞ்ஞோரா."

"நீனோ இல்லை."

"நான் பக்கத்திலைதானே நிக்கிறன்."

"ஓம், நிக்கிறாய். பொலிஸ்காரன் மாதிரி. அஞ்சு வருஷமா என்ரை வாயைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய். நீனோ என்னைப் பார்க்கிறவனோ? தன்ரை பாட்டிலை தின்னுறான். உனக்குப் பல்லு இருக்குதோ எண்டுகூட எனக்குத் தெரியாது."

உண்மைதானே? நம் ஆட்கள் வீட்டில் பரிமாறுகிறவன் உட்கார மாட்டான். மற்றவர் கைகழுவும்வரை நின்று, தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று போடுவதுதான் மரியாதை. பிறகு குசினிக்குள் போய் நம் பங்கைச் சாப்பிடுவோம். அந்த மரியாதையைத்தான் நான் ஐந்து வருடமாக அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மேசையில் எட்டு நாற்காலி. அக்கா போனபிறகு ஏழு காலி.

குசினியில் பெருஞ்சீரகத் தண்டு இருந்தது. அதுதான், சாப்பாட்டுக்குப் பிறகு இவர்கள் பச்சையாகக் கடிப்பார்களே, அந்த வெள்ளைக் குமிழ். அதை வெட்டிக்கொண்டு வந்து, அக்காவின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். பெண்கள் முன்னால் தேநீர் குடிக்கவே கூச்சப்படுகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டைக் கடித்தேன்.

கறுக்.

கரண்ட் இல்லாத வீட்டில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். நிறுத்தவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மென்றேன். கொஞ்ச நேரத்தில் முள்ளுக்கரண்டி தட்டில் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

"நீனோ இன்னும் வடிவாய் மெல்லுவான்" என்றார் சிஞ்ஞோரா, வாய் நிறைய மீனோடு.

இல்லம் பற்றி ரொசாலியா இப்போது கதைப்பதில்லை. மேசையில் தினமும் இரண்டு தட்டு. அக்காவின் இடத்தில் இருப்பதால் சண்டை பிடிக்கவும் பழகி வருகிறேன். உப்புப் போதாது என்று நேற்று அவர் சொன்னதற்கு, "நாக்கைச் சோதியுங்கோ" என்றேன். எனக்கே நம்ப முடியவில்லை.

வியாழக்கிழமை என் லீவு. அன்றைக்கு மட்டும் ரொசாலியா நீனோவின் வீடியோக் கொப்பியைப் போடுவார் என்று ஏற்பாடு. இன்று வியாழன். ஜெசிந்தா பல்லரோவில் எனக்காகக் காத்திருக்கிறாள். நானோ இதைச் சிஞ்ஞோராவின் குசினியில் இருந்துதான் எழுதுகிறேன். உள்ளே டிவியில் கறுக் கறுக் என்று கேட்கிறது. பெருஞ்சீரகம் வெட்டி வைத்தாயிற்று.

அந்தப் பண்டாவை நம்பி எப்படி வெளியே போவது?

பலேர்மோ, வியாழக்கிழமை, 20 பெப்ரவரி 1997