மின்சாரம் போனபோது வீசிய காற்று

எல்லோரும் பிரமாதம் என்று பாராட்டிவிட்ட ஒன்றை, செய்தவரே கலைக்கலாமா? சித்தி என்னிடம் இப்படிக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலில் சக்கரம் கட்டியவர். கேட்டபடியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் சித்திக்கு வேலை. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் பம்பரம். பல வருடங்களாக அடுத்தவர் கட்டடங்களுக்கு மாடிப்படியும் கழிப்பறையும் வரைந்தவர் கைக்கு முதன்முதலாக ஒரு முழுக் கட்டடம் வந்தது. சித்தப்பா பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்துக்குப் புதிய வகுப்பறைகள்.

பழைய கட்டடத்தில் ஜன்னல்களைத் திறக்கவே முடியாது. நாள் முழுவதும் ஏசி ஓடும். சித்தப்பா தினமும் தலைவலியோடுதான் வீடு திரும்புவார். "பசங்க தூங்குறதுக்கு என் பாடம் மட்டும் காரணம் இல்லம்மா, அந்த ரூம்ல நானே தூங்கி விழுறேன்" என்பார்.

அதனால் சித்தி ஏசியே இல்லாமல் வரைந்தார். ஒல்லியான நீளக் கட்டடம், இரண்டு பக்கமும் திறக்கும் ஜன்னல்கள், வெயிலை மறிக்கும் அகலமான சன்ஷேடுகள், மழைநீருக்குத் தரைக்கடியில் தொட்டி. வரைபடத்தைப் பார்த்த பல்கலைக்கழகக் கமிட்டி கைதட்டியது. கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கட்டடம் கேட்டுக்கொண்டிருந்த பதிவாளர்கூட, மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் எடுப்பாக இருக்கும் என்று தலையாட்டினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சித்திக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மகளின் சோப்புக் குமிழி டப்பாவை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனார். வெறும் மைதானம். கட்டடம் வரவேண்டிய இடத்தைக் குறித்திருந்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று ஊதினால், குமிழிகள் காற்றின் வழியைக் காட்டிவிடும் என்று நினைப்பு. வாட்ச்மேன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்னம்மா, குழந்தையக் காணோம்?" என்று கேட்டார்.

காலையில் குமிழிகள் வரைபடத்தில் போட்டிருந்தபடியே மேற்கிலிருந்து கிழக்கே போயின. மதியத்துக்கு மேல் திரும்பின. இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவே நுழைந்த காற்று, தெற்கிலிருந்து வர ஆரம்பித்தது. அதே நேரம் பார்த்து மின்சாரம் போனது. தெற்கே இருந்த கொட்டகையில் ஜெனரேட்டர் உறுமியது. கரும்புகை நேராகச் சித்தியின் முகத்தில் வந்து அடித்தது.

வானிலை நிலையத்துக் கணக்கைப் பார்த்துத்தான் ஜன்னல் வைத்திருந்தார். மின்சாரம் போன நேரத்தில் அந்த இடத்தில் அவர் நின்றதே இல்லை.

அன்று இரவு சித்தி வீட்டில் நடந்ததைச் சொன்னார். புகை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளட்டுமே என்றார் சித்தப்பா. "சாத்தினா, உங்க பழைய ரூம்தானங்க அது?" என்று கேட்டார் சித்தி. முதலாளியிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் பதிவாளர் இதுதான் சாக்கென்று கண்ணாடிப் பெட்டிக்கே திரும்பிவிடுவார், ஜன்னல் மொத்தமும் போய்விடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதற்குப் பிறகுதான் சித்தி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைக் கலைத்தார். ஜெனரேட்டருக்குத் தெற்கே இருந்த வண்டி நிறுத்தத்தை வடக்கே தள்ளினார்; வகுப்பறைகளைத் தெற்கே கொண்டுபோனார். புகை இனி வண்டிகளுக்கு. ஆனால் கட்டடம் மெயின் ரோட்டிலிருந்து கண்ணில் படாது.

கமிட்டியில் பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். "போன மாசம் மேக்கேருந்து வந்துச்சு. இப்ப தெக்கேருந்து வருதுங்கிறீங்க. காத்து உங்களக் கேட்டுட்டா அடிக்குது?"

"நான்தான் சார் அதக் கேக்காம வரைஞ்சுட்டேன். தப்பு என்னோடது, ஜன்னலோடது இல்ல. கொஞ்சம் கீழ வந்து நில்லுங்க. அப்புறம் எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடுங்க."

மதியம் எல்லோரும் போய்ச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். முதலில் கைக்குட்டை எடுத்தவர் பதிவாளர்தான்.

மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார்கள். வேலை தள்ளிப்போனது. கண்ணில் படாத கட்டடத்துக்கு இவ்வளவு எதற்கு என்று சொல்லி ஒரு மாடியைக் குறைத்தார்கள். அந்த மாடியை நினைத்தால் சித்திக்கு இன்றும் ஆறவில்லை. மீதி இருந்த மாடிகளில் ஜன்னல் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

இப்போது சித்தப்பா அங்கேதான் பாடம் நடத்துகிறார். தலைவலி இல்லை. "இனிமே எவனாவது தூங்கினா, பழிய என் மேலதான் போடணும்" என்கிறார். சித்தியோ, மின்சாரம் போனால் போதும், எழுந்து வெளியே போய்க் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிறார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது வீடோ பள்ளியோ கட்டப்போகிறார்கள் என்றால், சித்தியின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். மின்சாரம் போகும் நேரமாகப் பார்த்து மனையில் ஒருமுறை நின்றுவிட்டு வரச் சொல்லுங்கள்.