ஜன்னலோரத்து வளைவு

போன மாதம் போடிக்கு ரயில் வந்தது. மாலை என்ன, மேளம் என்ன, ஊரே திரண்டுபோய் எஞ்சினுக்குச் சந்தனம் பூசிவிட்டு வந்தது. நான் போகவில்லை. "வண்டிக்காரன் சுருளிவேலுக்குப் பொழப்புப் போச்சேன்னு வயித்தெரிச்சல்" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், வாய்க்கு என்ன பூட்டா போட முடியும்? வயிற்றெரிச்சல் உண்டுதான். ஆனால் அது என் பிழைப்பை நினைத்து இல்லை, கண்ணுச்சாமி ஆசாரியை நினைத்து.

கண்ணுச்சாமி ஆசாரி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுபவர். தேவாரத்திலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் வண்டிகள் அவரைத் தேடி வரும். அதிகம் பேசமாட்டார். அவர் அரம் போட்டுத் தேய்த்த இரும்பைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம், லாடம் அடிக்கப் படுக்கவைத்திருந்த காளை ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு உதைத்தது. அவருடைய வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் போட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. முழங்கைக்குக் கீழே கை நன்றாகத்தான் இருந்தது. சம்மட்டியை மட்டும் தூக்க முடியாது. சம்மட்டி தூக்காத கொல்லனிடம் எவன் வருவான்? அவர் மனைவி பொன்னுமணி அக்கா வீடு வீடாக நெல் குத்தப் போனார்.

அந்த நேரத்தில்தான் ஒரு பொம்மை ரயில் வந்து சேர்ந்தது. மலை மேலே தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் இருந்தார். அவர் பங்களாவுக்கு மலையடிவாரத்துக் குரங்கணி வரை சாமான் ஏற்றிப்போனது என் வண்டிதான். சீமையிலிருந்து அவர் ஒரு முழ நீளத்தில் எஞ்சின் ஒன்று வரவழைத்திருந்தார். பொம்மை என்றாலும் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜமாகவே ஆவி கட்டி ஓடும். பங்களா வராந்தாவில் பலகைகளைச் சேர்த்துத் தண்டவாளம் அடித்து, நாலு மூலையிலும் வளைத்துவிட்டிருந்தார்கள். வளைவில் எஞ்சின் தடம் புரண்டு விழுந்தது. பதினைந்து நாளில் அதை ஒழுங்காக ஓடவைக்கிறவனுக்கு, மலை மேலே தேயிலை ஏற்ற அப்போதே ஓடிய ரயிலின் கொட்டகையில் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர் வேலை என்று துரை சொல்லிவிட்டார்.

பிட்டருக்குச் சம்மட்டி வேண்டாம், அரம் பிடிக்கத் தெரிந்தால் போதும். சேதியைச் சொன்னதும் ஆசாரி எழுந்தே நின்றுவிட்டார். "கொண்டா அப்பு, வெரசா கொண்டா. இது ஒண்ணு அமைஞ்சா பொன்னுமணி உலக்கையத் தொட வேண்டாம்" என்றார்.

எடுத்துவர நானே மலைக்கு ஏறினேன். எஞ்சினையும் பலகைகளையும் ஆட்கள் தலையில் ஏற்றும்போது பட்லர் ஒரு பலகையைத் தொட்டுக்காட்டி என்னிடம் சொன்னான்: "மூணு வளைவுல ஒண்ணும் பண்ணல. ஜன்னலோரத்து வளைவுல மட்டுந்தான் விழுது. ஆசாரிகிட்ட மறக்காமச் சொல்லிரு."

நான் சொல்லவில்லை. மறந்தும் போகவில்லை, அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. குரங்கணிப் பாதையில் வண்டி ஓட்டியவனுக்குத்தான் இது புரியும். எந்தப் பள்ளத்தில் கவிழ்ந்தது என்று எந்த வண்டிக்காரனாவது ஆசாரியிடம் சொல்வானா? பாதையை எவன் சரிபண்ணப் போகிறான்? சக்கரத்தைக் காட்டுவோம், அவர் சக்கரத்தைச் சரிபண்ணுவார். காலங்காலமாக எங்கள் வழக்கம் அதுதான். "வளைவுல விழுதாம் ஆசாரியாரே" என்று மட்டும் சொன்னேன்.

அவரும் ஓட்டிப் பார்க்காமலே சக்கரத்தைத்தான் பார்த்தார். "பாரு அப்பு, எல்லாச் சக்கரமும் வெளிப்பக்கமாச் சரிஞ்சு தேஞ்சிருக்கு. பெறகு விழாம என்ன செய்யும்?" வண்டிப் பட்டை அப்படிச் சரிந்திருந்தால் அது தேய்மானம்தான். ஒரு பகல் முழுக்க அரம் போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் மட்டமாக்கினார். தோள் வலியில் வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் பலகைகளைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். நாலு வளைவிலும் விழுந்தது.

பட்லர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. அவர் முன்பக்கம் ஈயக்கட்டி கட்டிப் பாரம் கூட்டினார். வெளித் தண்டவாளத்துக்கு அடியில் தகடு சொருகி உயர்த்தினார். அச்சைக் கழற்றி நூல் பிடித்துப் பார்த்தார். பதினோராம் நாள் ஒரு வளைவில் தண்டவாளங்கள் நெருங்கிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார். மலைச் சாரலில் ஊறிப் பலகை உப்பியிருந்தது. ஆணிகளைப் பிடுங்கி, பலகையை இழைத்து, தண்டவாளத்தைத் திரும்ப அடித்தார். அது ஜன்னலோரத்து வளைவு. நோய் இருந்த இடம் அதுதான், அதை அவர் கையாலேயே தீர்த்துவிட்டார். ஆனாலும் எஞ்சின் விழுந்தது. "சாப்பிட வாங்க" என்று பொன்னுமணி அக்கா மூன்று தடவை கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.

சொன்ன கெடு முடிந்தது. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மலைக்குப் போனோம். ரயில் கொட்டகையில் தலைமைப் பிட்டர் சீனிச்சாமி எஞ்சினைத் திருப்பிப் பார்த்தார்.

"சக்கரத்துல அரம் போட்டது யாரு?"

"நாந்தான்."

சீனிச்சாமி திட்டவில்லை. ஆசாரியின் கையைப் பிடித்து, அங்கே நின்ற பெரிய எஞ்சினின் சக்கரத்தில் வைத்தார். "தடவிப் பாரும். சரிவா இருக்கா? இது தேய்மானம் இல்ல, செய்யும்போதே அப்படித்தான் செய்வாங்க. வண்டிச் சக்கரம் மாதிரி ரயில் சக்கரம் தனித்தனியாச் சுத்தாது, ரெண்டும் ஒரே அச்சுல இறுகியிருக்கு. வளைவுல இந்தச் சரிவுதான் அதைத் திருப்பிவிடுது."

ஆசாரி கையை எடுக்காமல் நின்றார்.

"அட, அது கெடக்கட்டும். லேத்துல ஒரு நாள்ல புதுச் சக்கரம் கடைஞ்சிரலாம். உம்ம அர வேலை சுத்தமா இருக்கு, துரைகிட்ட நானே சொல்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லும். அரம் போடுறதுக்கு முன்னால எல்லா வளைவுலயும் விழுந்துச்சா, ஒண்ணுல மட்டுமா? ஒண்ணுலன்னா பாதையிலதான் கோளாறு, புதுச் சக்கரம் போட்டு ஓட்டிரலாம். எல்லாத்துலயும்னா எஞ்சினே கோணல். அதுக்கு நான் மெனக்கெட முடியாது."

ஆசாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். துரை எஞ்சினை விலைக்கு வாங்கியதோடு சரி, ஓட்டிப் பார்த்ததெல்லாம் பட்லர்தான். அவனும் அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தான். ஆக, உண்மை என் ஒருவனிடம்தான் இருந்தது. "ஒண்ணுலதான்" என்று சொல்லியிருந்தால் அவர் பிட்டர். ஆனால் அந்த நிமிஷமே, பதினோரு நாள் அவரைத் தவிக்கவிட்டது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துபோகும். துரை காதுக்கு எட்டினால் பங்களாவுக்குச் சாமான் ஏற்றும் வண்டி வாடகையும் போகும். பாழாய்ப்போன நாக்கு.

"எல்லா வளைவுலயுந்தான்" என்றேன்.

சீனிச்சாமி எஞ்சினைத் துணியில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்தார். ஆசாரி வெறுங்கையோடு மலை இறங்கினார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் வேறொருவர் பட்டறையில் இடது கையால் துருத்தி இழுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருமி இருமியே செத்துப்போனார். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் அந்தப் பட்டறை வரை போய், சும்மா நின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

ரயில் வந்த அன்று பொன்னுமணி அக்கா மட்டும் தனியாக ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது என் வண்டியருகே நின்றார். உள்ளங்கையில் சக்கரத்து மை அப்பியிருந்தது.

"தொட்டுப் பாத்தேன் தம்பி. அவரு சொன்ன மாதிரி சரிஞ்சுதான் இருக்கு. பாவி மனுசன், அன்னைக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"ஆயிருக்காதுக்கா" என்றேன்.