மேடம் திருப்பிய வாசல்

மேடத்தின் காரில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மூட்டை சுண்ணாம்புத்தூள் இருக்கும். அவர் ஆர்க்கிடெக்ட். ஆழ்வார்பேட்டையில் அவருடைய அலுவலகத்தில் பதினாறு வருடம் பிளான் வரைந்தேன். எந்தக் கட்டடமானாலும் அனுமதிக்கு அனுப்புமுன் காலி மனையில் அதே அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கே புழங்கப்போகிறவர்களை உள்ளே நடக்கவிட்டுப் பார்ப்பார். எனக்கு அது வீண் வேலையாகத்தான் பட்டது. வெயிலில் குனிந்து கோடு போடுகிறவன் நான்தானே.

பங்களாக்களும் வங்கிக் கட்டடங்களும் அவருக்குப் பிழைப்பு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி என்று ஊருக்குச் செய்ததற்கு ஒரு பைசா வாங்கமாட்டார். அப்படித்தான் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆற்றோரக் குடியிருப்புக்குப் பொதுக் கழிப்பறை கட்டும் வேலை வந்தது. அங்கே பெண்கள் விடியுமுன் ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் மேடம் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். பிளானை நானே போட்டு, கோடு போடாமலேயே அனுப்பிவிட்டேன். அனுமதியும் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்த மேடம் முதலில் கேட்டது, "கோடு போட்டாச்சா?" என்றுதான். மறுநாளே தானே மூட்டையை அவிழ்த்தார். மீன் விற்கும் அக்கா ஒருவர் கோட்டுக்குள் நாலு எட்டு வைத்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, வாசல் ரோட்டப் பாத்துகினு கீது? எதுக்க டீக்கடை. அத்தினி ஆம்பளைங்க பாக்க பக்கெட்டத் தூக்கினு போவணுமா? இதுக்கு ஆத்தங்கரையே மேலு."

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கோட்டைக் காலால் அழித்தார். "தப்பு என்னுதுதான். வாசலத் திருப்பிடலாம். ஆனா மறுபடி அனுமதி வாங்கணும், நாளாகும்" என்றார்.

இரண்டு மழைக்காலம் ஆனது. ஃபைல் மேசை மேசையாக நகர, மேடம் படி படியாக ஏறி இறங்கினார். பெண்கள் ஆற்றங்கரைக்கே போனார்கள். அந்த அக்காவின் மகள் நிறைமாதத்தோடு சேற்றில் வழுக்கி விழுந்தாள். நல்லவேளையாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பெண்கள் டீ வாங்கித் தருவார்கள், வெட்கமில்லாமல் குடிப்பேன். கடைசியில் கழிப்பறை, வாசலை உட்பக்கச் சந்துப் பக்கமாக வைத்துக்கொண்டு எழும்பியது.

போன மாதம் மயிலாப்பூரில் மேடத்துக்கு நினைவஞ்சலிக் கூட்டம். மேடையில் பேசியவர்கள் வங்கிக் கட்டடங்களையும் விருதுகளையும் அடுக்கினார்கள். கடைசி வரிசையில் அந்த அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "அன்னைக்கு அந்த வாசலைத் தப்பா வச்சது மேடம் இல்லக்கா, நான்தான்" என்றேன்.

அக்கா மேடையிலிருந்த படத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"தெரியும் நைனா. அம்மா கோட்ட அழிச்சப்போ உன் மூஞ்சி செத்துப்போச்சு, அப்பவே எல்லாருக்கும் தெரியும். அது உன்ன மறைக்கணும்னு நின்னுச்சு, நாங்களும் வுட்டுட்டோம். எம்பொண்ணு வுழுந்த அன்னிக்கு மட்டும் வாய் வரிக்கும் வந்துச்சு. அம்மா மூஞ்சியப் பாத்து முழுங்கிட்டேன்."