சீனப் புரட்சியும் சுவருக்கு அந்தப் பக்கத்து வயலும்

பாடம் நடத்துவதில் எனக்குப் பயமே கிடையாது. பிள்ளை வளர்க்கிறேன் என்று பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, அரிமளத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு மாதிரி வகுப்பு எடுக்கத் திருக்கோகர்ணத்திலிருந்து பஸ் ஏறியபோதும் அப்படித்தான். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி நாலு மாசம் ஆகியிருந்தது.

பத்தாம் வகுப்பு. சீனாவில் உள்நாட்டுப் போர் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பாடம். கடைசி பெஞ்சில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். சென்னையில் தொழில், பூர்வீகம் இந்தப் பக்கம்தான் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

காரணங்களை ஒன்று, இரண்டு என்று போர்டில் எழுதிவிட்டுப் போவது எனக்கு ஆகாது. அரசாங்கத்திடம் நகரங்கள் இருந்தன, அமெரிக்க ஆயுதம் இருந்தது; எதிராளிகளிடம் இருந்ததெல்லாம் கிராமங்கள்தான். அப்படியும் அரசாங்கப் படை தோற்றுக் கடல் தாண்டித் தீவுக்கு ஓடியது ஏன் என்று கேட்டேன். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி நடவு முடிந்த வயல் ஒன்று தெரிந்தது. அதைக் காட்டி, அது யாருடையது என்றேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, உழுவது தன் அப்பா, ஆனால் குத்தகை என்றாள். அப்படியானால் சொந்தக்காரர் யார்? அத்தனை தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

உள்ளூர்க்காரி யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். ஊரில் வேறு வயலே கிடைக்கவில்லையா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்காகப் பாதிப் பாடத்தை முழுங்கிவிட முடியுமா? உழுகிறவனுக்கே நிலம் என்று கம்யூனிஸ்ட்டுகள் பிரித்துக் கொடுத்தார்கள், அதைக் காப்பாற்றத்தான் குடியானவர்கள் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பினார்கள் என்றேன். நிலக்காரர்களை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அடித்ததையும் கொன்றதையும் மறைக்கவில்லை.

தாளாளர் முதல்முறையாக வாய் திறந்தார். "குடுத்த நெலம் அவுங்ககிட்டயே இருந்துச்சாங்க?"

"இல்லைங்க. கொஞ்ச வருஷத்துலயே கூட்டுப் பண்ணைன்னு சொல்லித் திருப்பி எடுத்துக்கிட்டாங்க."

வகுப்பு முடிந்து, முடிவுக்காக வராந்தாவில் காத்திருந்தேன். வேலை போனாலும் போகட்டும், பாடம் ஜோராக வந்தது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அப்போது அந்தப் பெண் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மிஸ், நான் சொன்னதுனால எங்கப்பாகிட்டருந்து வயலப் புடுங்கிருவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என் பிழைப்பை மட்டும்தான் பணயம் வைத்தேன் என்று நினைத்திருந்தேனே! நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். மேசையில் என் நியமன உத்தரவு, கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறந்திருந்தார். அது இருக்கட்டும், அந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டது நான்தான், வயலுக்கு ஒன்றும் ஆகாது என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள் என்றேன். தான் அப்படிச் செய்கிற ஆளா என்று அவருக்கு முகம் சுண்டிப்போனது. நான் நினைக்கவில்லை, அவள் நினைக்கிறாள் என்றேன். பேனாவை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அவரைக் கண்டதும் அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். வயல் எப்போதும் உங்கள் அப்பாவிடம்தான் இருக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் தலையை மட்டும் நீட்டினாள்.

"எழுதிக் குடுப்பீங்களாங்கய்யா?"

எத்தனையோ வருஷக் குத்தகைக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாதாம், அவளே சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் என் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.